இசைவு: ஐம்பது சுழற்சியின் கதை

முந்திரித் தோப்புகளுக்கு நடுவே அமைந்த முத்தாண்டிக்குப்பத்தில் இரவு நேரத்தில் வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருப்பவர் எவரும் வானத்தின் ஒரு பக்கம் வெளுத்திருப்பதைக் கண்டிருப்பர். அது நிலவொளியன்று, நெய்வேலியின் விளக்கொளி. அந்த ஒளி வானில் தெரிந்துகொண்டிருக்கும் வேளையிலேயே நம் தெருவிளக்கு அணைந்து, விசிறி நின்று, கொசுக்கடியில் குழந்தைகள் அழத் தொடங்கிய இரவுகள் பல. அப்படிப்பட்ட ஓரிரவில், அனல்மின் நிலையத்தில் இரண்டாம் ஷிப்டு முடித்துச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த அயல்வீட்டுப் பெரியவரை நிறுத்தி, "என்ன அண்ணே, பக்கத்துலயே கரண்டு எடுக்கறீங்க, நம்மூர்ல மட்டும் இருட்டா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நம்மூருக்குன்னு தனியா எடுக்கறதில்ல தம்பி. எல்லாருக்கும் ஒரே குளம். குளத்துல மட்டம் எறங்குனா ஏதோ ஒரு மடையை அடைக்கத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்த விடையின் பொருள் முழுவதும் விளங்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. குளம் என்றால் அதன் மட்டத்தைப் பார்ப்பவர் யார்? மடையை அடைக்கச் சொல்பவர் யார்? ஒருவரும் சொல்லாமலே அது நடக்கிறதா? எந்திரக் கல்வி பெற்றவனல்லன் நான். அக்கல்வி பெற்றோரின் அருகே குடியிருந்தவன், அவ்வளவே. ஆயினும் நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு நம் மண்ணிலிருந்தே ஒரு வரலாற்றை எழுத வேண்டும் என்று பணித்தபோது, சோழர் கல்வெட்டையோ பாளையக்காரர் கதையையோ விட இந்தக் குளத்தின் கதையே என் நினைவில் முன்வந்து நின்றது.

தமிழில் 'இசை' என்னும் சொல் பாட்டையும் குறிக்கும், உடன்படுதலையும் குறிக்கும். இசைந்தான் என்றால் ஒப்பினான் என்று பொருள். இசைவு என்றால் சம்மதம். மின்பொறியாளர்கள் தம் எந்திரங்கள் ஒன்றோடொன்று ஒரே கதியில் சுழல்வதைத் தமிழில் எழுத நேர்ந்தபோது 'ஒத்திசைவு' என்ற சொல்லைத் தேர்ந்தனர். அவர்கள் அறிந்து செய்தனரோ அறியாது செய்தனரோ, இதைவிடப் பொருத்தமான சொல் வேறு எம்மொழியிலும் கிடைத்திருக்காது. ஏனெனில் கேள்வி இதுதான்: வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு உடைமையாளர்களிடம், வெவ்வேறு வயதும் வலிவும் கொண்ட நூற்றுக்கணக்கான எந்திரங்கள், தாளம் போட ஒருவரும் இல்லாமல், ஒரே கதியை எவ்வாறு காக்கின்றன?

இக்கேள்வி இன்று ஒரு தனி அறிவியலாகவே வளர்ந்திருக்கிறது. தத்தம் போக்கில் இயங்கும் பல அலகுகள், தலைவன் எவனுமின்றி, அண்டையில் உள்ளவற்றை மட்டும் கவனித்துத் தம்மைச் சற்றே திருத்திக்கொண்டு, முடிவில் எல்லாம் ஒரே மதிப்பில் வந்து நிற்பது எப்படி என்று கணித அறிஞர்கள் ஆராய்கின்றனர். பறவைக் கூட்டம் திரும்புவதும், ஆளில்லா வானூர்திகள் அணிவகுப்பதும், கணினிகள் தமக்குள் ஒரு முடிவுக்கு வருவதும் அவ்வாராய்ச்சிக்குள் அடங்கும். நம் பெண்களுக்கு இது புதிதன்று. கும்மியில் பாட்டெடுத்துக் கொடுப்பவள் ஒருத்தி உண்டு. ஆனால் இருபது பேர் வட்டத்தில் கைதட்டலின் வேகத்தைக் காப்பவள் அவளல்லள். ஒவ்வொருத்தியும் இடப்பக்கத்தாளையும் வலப்பக்கத்தாளையும் கேட்டுத் தன் கையை ஒரு நூலிழை முந்தவோ பிந்தவோ செய்கிறாள். வட்டம் முழுவதும் ஒரே தட்டாகிவிடுகிறது. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. எல்லோரும் காது கொடுக்க வேண்டும். வட்டம் எங்கும் அறுந்திருக்கக் கூடாது.

உத்திரமேரூரின் குடவோலையை இங்கே நினைக்கும் அன்பர்கள் உண்டு என்பதை அறிவேன். 919, 921 ஆகிய ஆண்டுகளின் அக்கல்வெட்டுகள் நமக்குப் பெருமை தருவன. ஆனால் அங்கே ஓலை எடுத்தபின் வாரியத்தார் ஓராண்டுக்குப் பொறுப்பேற்பர். ஏனையோர் அவர்கள் சொற்படி நடப்பர். நாம் பேசுவது ஓராண்டுக்கொருமுறை எடுக்கும் முடிவைப் பற்றியன்று. ஒவ்வொரு நொடியும் புதுப்பிக்க வேண்டிய உடன்பாட்டைப் பற்றியது.

1665-ஆம் ஆண்டில், ஊசல் கடிகாரத்தைக் கண்டவரான டச்சு அறிஞர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ், நோயுற்றுப் படுக்கையில் கிடந்தபோது, ஒரே தாங்கியில் தொங்கிய இரண்டு கடிகாரங்களின் ஊசல்கள் எப்படித் தொடங்கினும் சிறிது நேரத்தில் எதிரெதிராக ஆடி ஒரே கதிக்கு வந்துவிடுவதைக் கவனித்தார். தாங்கிக் கட்டையின் கண்ணுக்குத் தெரியாத அசைவு வழியே அவை ஒன்றையொன்று அறிந்தன. மின்னாக்கிகளுக்கு அந்தக் கட்டை மின்கம்பி. ஒரே கம்பியில் பிணைந்த பிறகு, முந்த நினைக்கும் எந்திரத்தைக் காந்தவிசை பின்னிழுக்கிறது, பிந்துவதை முன்னிழுக்கிறது. இது இயற்கை தரும் இசைவு. இதற்கு மேல் மனிதன் தர வேண்டிய பகுதி ஒன்றுண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

நம் மாநிலத்தில் 1932-இல் பைக்காராவும், 1937-இல் மேட்டூரும், 1944-இல் பாபநாசமும் மின்சாரம் தரத் தொடங்கின. தனித்தனியே இயங்கும்வரை ஒவ்வொன்றும் தன் கதிக்குத் தானே அரசன். கம்பிகள் நீண்டு அவை இணைந்தபோது அந்தத் தனியரசு முடிந்தது. பிறகு நம் கதை. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்துக் கிணற்றில் 1930-களில் கரும்பழுப்புப் பொருள் தென்பட்டதும், 1956-இல் நிறுவனம் பதிவானதும், 1957-இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்ததும் இம்மலரின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சோவியத் நாட்டின் துணையோடு அமைந்த முதல் அனல்மின் நிலையத்தில் 50 மெகாவாட் ஆற்றலுள்ள முதல் எந்திரம் 1962-இல் இயங்கத் தொடங்கியது. 1970-க்குள் அந்நிலையம் 600 மெகாவாட் ஆயிற்று.

ஓர் எந்திரம் முதன்முதலாகத் தொகுப்போடு சேரும் கணத்தை அந்தப் பெரியவர் எனக்கு விவரித்ததுண்டு. நீராவி டர்பைனை நிமிடத்திற்கு 3000 சுற்றுக்குக் கொண்டுவருவார்கள்; நொடிக்கு 50. மின்னழுத்தத்தைச் சமன் செய்வார்கள். கட்டுப்பாட்டு அறையில் கடிகாரம் போன்ற ஒரு கருவியின் முள் மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும். நம் எந்திரத்திற்கும் ஊர் உலகத்தின் எந்திரங்களுக்கும் இடையே எஞ்சியுள்ள வேற்றுமைதான் அந்தச் சுழற்சி. முள்ளின் ஓட்டம் தளர்ந்து தளர்ந்து, பன்னிரண்டு மணி நிற்கும் இடத்தை அது அண்டும்போது இணைப்பானை மூட வேண்டும். பழைய நிலையங்களில் முள்ளுக்குப் பதில் விளக்குகள் இருந்தனவாம். வேற்றுமை இருக்கும்வரை விளக்கு மின்னி மின்னி மறையும்; இரண்டும் ஒன்றாகும் கணத்தில் முற்றிலும் அணைந்துவிடும். வெளிச்சம் வேற்றுமைக்கு அடையாளம், இருட்டு இசைவுக்கு அடையாளம் என்று ஆன அந்த விந்தையை எந்தக் கவிஞரும் இன்னும் பாடாததில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு. தவறான கணத்தில் மூடினால் பேரதிர்ச்சி. தண்டு முறுக்கேறும், சுருள்கள் சிதையும். சரியான கணத்தில் மூடினால் ஒன்றுமே கேட்காது. அதன்பிறகு அது தனி எந்திரமன்று.

இப்போது மனிதன் தர வேண்டிய பகுதிக்கு வருவோம். எங்கோ ஒரு நூற்பாலை இயங்கத் தொடங்குகிறது, சுமை கூடுகிறது. கூடிய சுமைக்கான ஆற்றலை முதலில் தருவன சுழலும் எந்திரங்களின் எடையும் வேகமுமே. ஆகவே எல்லா எந்திரங்களும், நெய்வேலியிலும் இடுக்கியிலும் சராவதியிலும் ஸ்ரீசைலத்திலும், ஒரு மயிரிழை வேகம் குறைகின்றன. அந்தக் குறைவே செய்தி. தொலைபேசி வேண்டாம், கடிதம் வேண்டாம். சுவரில் உள்ள மின்துளை எதிலும் அந்தச் செய்தியைப் படிக்கலாம். குளத்தின் மட்டம் என்று பெரியவர் சொன்னது இதைத்தான். அதன் பெயர் அதிர்வெண். நம் நாட்டில் அது ஐம்பதாக இருக்க வேண்டும்.

செய்தியைக் கேட்டுச் செயல்படுவது 'கவர்னர்' என்னும் கருவி. நெய்வேலியில் எவரும் அதை வேறு பெயரால் அழைப்பதில்லை; மாநில ஆளுநரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜேம்ஸ் வாட் தம் நீராவி எந்திரத்தில் 1788-இல் பொருத்திய சுழலும் குண்டுகளின் வழித்தோன்றல் அது; 1868-இல் மாக்ஸ்வெல் அதன் கணிதத்தை எழுதினார். வேகம் குறைந்தால் அது நீராவி வால்வைத் திறக்கும், கூடினால் மூடும். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு கவர்னரும் "ஐம்பதுதான், அதில் இம்மியும் குறையக் கூடாது" என்று பிடிவாதம் பிடித்தால் என்னாகும்? எந்த இரண்டு கருவிகளின் அளவும் முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஒன்று ஐம்பதென்று காண்பதை மற்றொன்று ஐம்பதுக்குச் சற்று மேலென்று காணும். ஒன்று திறக்க மற்றொன்று மூட, ஒன்று முழுச்சுமையையும் தூக்க, மற்றது வெறுமனே நிற்கும். இரண்டு பிடிவாதக்காரர் ஒரு வீட்டில் இருக்க இயலாதது போலத்தான்.

ஆகவே கவர்னர்களுக்குள் ஒரு 'தொய்வு' வைத்தனர். ஐந்து விழுக்காட்டுத் தொய்வு என்றால், அதிர்வெண் ஐம்பதிலிருந்து இரண்டரை குறைந்தால் மட்டுமே அந்த எந்திரம் வெறுமையிலிருந்து முழுச்சுமைக்கு வரும் என்று பொருள். 210 மெகாவாட் எந்திரமாயின், அதிர்வெண் 0.1 குறையும்போது 8.4 மெகாவாட் கூட்டித் தரும். அதே தொய்வுடைய 50 மெகாவாட் எந்திரம் 2 மெகாவாட் தரும். பெரியவன் பெரிய அளவிலும் சிறியவன் சிறிய அளவிலும், எவரும் கணக்குப் பிரித்துக் கொடுக்காமலே, சுமை பகிரப்பட்டுவிடுகிறது. ஐம்பதைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க எல்லோரும் ஒப்பியதால் இது கைகூடுகிறது. விட்டுக்கொடுத்த அந்தச் சிறு குறையைப் பிறகு எவரேனும் மெல்ல நிரப்பி மீண்டும் ஐம்பதுக்குக் கொண்டுவர வேண்டும். அது வேறு வேலை. அதற்கு ஆணையோ, ஊக்கமோ, வெட்கமோ ஏதேனும் ஒன்று வேண்டும்.

அது இல்லாமற்போன காலம் ஒன்று உண்டு. 1964-இல் தென்மண்டல மின்வாரியம் பெங்களூரில் அமைந்து, மாநிலங்களின் கம்பிகள் படிப்படியாக ஒன்றாயின. 1986 முதல் 1993 வரை ஏழு 210 மெகாவாட் எந்திரங்களுடன் எழுந்த நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் 1470 மெகாவாட்டில் தமிழகம், கேரளம், கருநாடகம், ஆந்திரம், புதுவை என எல்லோருக்கும் பங்கு உண்டு. பங்கு எழுத்தில் இருந்தது. கம்பியில் ஓடும் மின்சாரத்தில் எவர் பெயரும் எழுதியிருப்பதில்லை. பற்றாக்குறை மிகுந்த தொண்ணூறுகளில் ஒவ்வொரு மாநிலமும் தன் பங்குக்கு மேல் எடுத்தது. எடுக்காதே என்று சுமைப் பகிர்வு மையத்திலிருந்து தொலைபேசியிலும் தந்தியிலும் சொன்னால், மற்றவன் எடுக்கிறானே என்பது மறுமொழி. தென்மண்டலத்தின் அதிர்வெண் பல மாலைகளில் 48.5-க்கும் கீழே கிடந்தது.

ஒன்றரை குறைந்தால் என்ன என்று தோன்றலாம். நூற்றுக்கு மூன்று பங்கு அது. மின்கதியைக் கொண்டு ஓடும் கடிகாரம் ஒன்று அந்த நிலையில் ஒரு நாள் ஓடினால் 43 நிமிடம் பிந்திவிடும். இசைத்தட்டைச் சுழற்றும் மோட்டார் அதே அளவு தளர்ந்தால் பாட்டின் சுருதி ஒரு சுவரத்தானத்தில் பாதியளவு இறங்கும். எண்பதுகளில் நம்மூர்த் திருவிழாவில் மைக்செட்காரர் போட்ட தட்டில் பாடகரின் குரல் மாலையில் மட்டும் கனத்துக் கேட்டதற்கு, அவருடைய ஊசியை நாங்கள் குறை சொன்னோம். முந்திரிக்காட்டு ஆழ்குழாய்க் கிணறுகளிலோ அது பாட்டு விஷயமன்று. பம்பின் வேகம் குறைந்தால் அது நீரைத் தள்ளும் உயரம் வேகத்தின் வர்க்கமாகக் குறையும்; ஆழத்து நீர் மேலே வரத் தயங்கும். அதிர்வெண்ணோடு மின்னழுத்தமும் சேர்ந்து தாழ்ந்த நாட்களில் மோட்டார் சுருள் கருகும். சுருள் கட்டுவதற்குப் பண்ணுருட்டிக்குத் தூக்கிச் சென்றவர்கள் இம்மலரின் வாசகர்களில் பலர் இருப்பர். மின் நிலையங்களுக்கும் அது நல்லதன்று: டர்பைனின் கடைசி வரிசை நீண்ட இதழ்கள் தாழ்ந்த வேகத்தில் நடுங்கத் தொடங்கும், அந்தச் சேதம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

அக்காலத்தின் மிக வேதனையான செய்தி ஒன்றுண்டு. நாடெங்கும் மின் நிலையங்களில் கவர்னர்களைப் பூட்டி வைத்திருந்தனர். அதிர்வெண் இப்படி அலையும்போது கவர்னரைத் திறந்துவிட்டால் வால்வு ஓயாமல் அசையும், கொதிகலன் தடுமாறும், அந்தச் சிரமத்திற்கு ஒரு காசும் கிடையாது. நம் எந்திரம் ஒன்று உதவியா தொகுப்பு முழுவதும் நிமிரப்போகிறது என்று ஒவ்வொருவரும் எண்ணினர். தேர்வடம் பிடிப்போரில் ஒருவர் இழுக்காமல் கைவைத்தபடி நடந்தால் எவருக்கும் தெரியாது. எல்லோரும் அப்படி நடந்தால் தேர் நகராது. இங்கே உணர வேண்டியது இது: அந்த நாட்களிலும் எந்திரங்கள் இசைந்தே இருந்தன. நெய்வேலியும் இடுக்கியும் ஒரே 48.5-இல், இம்மி பிசகாமல், ஒன்றாகச் சுழன்றன. ஒருமித்திருத்தல் வேறு, சரியான இடத்தில் ஒருமித்திருத்தல் வேறு. காந்தவிசை முன்னதை மட்டுமே தரும்.

1998-இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. 2000-இல் வந்த மின்தொகுப்பு விதிகள் 49.0 முதல் 50.5 வரை என்று எல்லை வகுத்தன. எல்லை வகுத்தால் போதுமா? இதற்கு விடையாக வந்த ஏற்பாட்டை நம் நாட்டின் மிக அழகிய கண்டுபிடிப்புகளுள் ஒன்றாகக் கருதுகிறேன். அதன் உருவாக்கத்தில் பவர்கிரிட் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் பானு பூஷணின் பங்கு பெரிது. ஒரு நாளைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக, 96 துண்டுகளாகப் பிரித்தனர். ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு மாநிலமும் எடுக்க வேண்டிய அளவு முதல்நாளே குறிக்கப்படும். குறித்ததற்கு மேல் எடுத்தால் அதற்கு விலை. குறைவாக எடுத்தால் அதற்கு வரவு. அந்த விலையை அதிகாரி எவரும் நிர்ணயிப்பதில்லை. அந்தக் கணத்தின் அதிர்வெண்ணே நிர்ணயிக்கும். தொடக்க ஏற்பாட்டில் 50.5-இல் விலை ஒன்றுமில்லை. 0.02 குறையக் குறைய யூனிட்டுக்கு 5.6 காசு ஏறும். ஐம்பதில் 140 காசு, 49.5-இல் 280 காசு. 49-இல் 420 காசு.

இதன் நுட்பத்தைப் பாருங்கள். விலையை அறியப் பெங்களூருக்குத் தொலைபேசி வேண்டாம். கட்டுப்பாட்டு அறையின் சுவரிலேயே அது தெரிகிறது. யூனிட்டுக்கு 200 காசு எரிபொருட்செலவு உள்ள நிலையத்தை வைத்திருப்பவர் 49.5-ஐக் கண்டதும் தாமே அதை ஓட்டுவார். 350 காசு செலவுள்ளவர் பொறுத்திருப்பார். எவரும் எவருக்கும் ஆணையிடாமல், மலிவான எந்திரம் முதலிலும் விலைமிக்கது பிறகுமாகத் தாமே வரிசையில் வந்து நிற்கும். எந்திரத்திற்கு ஆவியின் வாயிலாகத் தொய்வு தந்த அதே தத்துவத்தை மனிதருக்குக் காசின் வாயிலாகத் தந்தனர். தென்மண்டலத்தில் இது 2003 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. தாழ்ந்து கிடந்த அதிர்வெண் நிமிர்ந்தது. வேண்டுகோளும் கண்டனமும் ஆண்டுக்கணக்கில் சாதிக்காததை ஓர் எண் சாதித்தது. பூட்டிய கவர்னர்களைத் திறக்கச் சொல்லும் உத்தரவுகளும் தொடர்ந்து வந்தன. அவை அவ்வளவு எளிதில் நிறைவேறவில்லை. 2010-இன் விதிகள் கவர்னரைக் கட்டுப்பாட்டோடு திறந்தால் போதும் என்று ஒரு சமரசத்திற்கு இறங்கி வந்தன.

அதே 2003-இல்தான் அமெரிக்காவில் ஜட்பபாய், லின், மோர்ஸ் என்னும் மூவர், பறவைக் கூட்டம் போன்ற தலைவனற்ற குழுவில் அண்டையாரைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் உறுப்புகள் எந்நிலையில் ஒரே திசைக்கு வரும் என்பதைக் கணித வழியில் நிறுவிக் காட்டினர். உறவுக் கண்ணிகள் கணத்துக்குக் கணம் மாறினாலும், காலப்போக்கில் சேர்த்துப் பார்க்கையில் குழு முழுவதும் இணைந்திருந்தால் போதும் என்பது அவர்கள் கண்டது. மறு ஆண்டில் ஓல்ஃபாதி-சாபர், மரே இருவரும் உடன்பாட்டின் விரைவு வலைப்பின்னலின் இணைப்புறுதியைப் பொறுத்தது என்றும், செய்தி தாமதித்துச் சேர்ந்தால் உடன்பாடே குலையலாம் என்றும் எழுதினர். கும்மி வட்டத்தில் இரு பாதிகளைப் பிணைப்பது ஒரே ஒருத்தியின் காது என்றால், அவள் தடுமாறும்போது இரண்டு தாளம் உண்டாவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

விளங்காதவர்களுக்கு 2012 சூலை விளக்கியது. வடமண்டலம் தன் அளவுக்கு மிஞ்சி இழுத்துக்கொண்டிருந்த 30-ஆம் நாள் அதிகாலை 2.33 மணிக்கு, மேற்கையும் வடக்கையும் பிணைத்த பீனா–குவாலியர் கம்பி விடுபட்டது. வடமண்டலம் முழுவதும் இருண்டது. மறுநாள் பகல் ஒரு மணியளவில் வடக்கும் கிழக்கும் வடகிழக்குமாக மூன்று மண்டலங்கள் வீழ்ந்தன. அறுபது கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பு அது. கவர்னர்களின் துணை போதவில்லை என்பதும், தாழ்ந்த அதிர்வெண்ணில் தாமே சுமையை வெட்ட வேண்டிய கருவிகள் பல இடங்களில் வெட்டவில்லை என்பதும் விசாரணைக் குழு கண்ட குறைகளுள் அடங்கும். அன்று தென்னாடு தப்பியது. நம் ஒழுக்கத்தால் தப்பினோம் என்று மார்தட்ட இடமில்லை. அப்போது நாம் அந்த வட்டத்தில் கைகோக்கவில்லை. வடக்கோடு நமக்கிருந்த இணைப்புகள் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கிக் கடத்துபவை. ஆற்றல் கடக்கும், கதி கடக்காது. 2013 திசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பியின் வழியே தென்மண்டலம் ஏனைய இந்தியாவோடு ஒத்திசைந்தது. அன்று முதல் நெய்வேலியின் எந்திரமும் பஞ்சாபின் எந்திரமும் ஒரே வட்டத்தில் கைதட்டுகின்றன.

இவ்வளவும் சொன்னபின் பெரியவரின் மடைக்குத் திரும்ப வேண்டும். 2012-இல் வடநாட்டு இருள் உலகச் செய்தியாயிற்று; அதே ஆண்டில் சென்னை நீங்கலான தமிழகத்தில் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்தது உள்ளூர்ச் செய்தியாகவே முடிந்தது. அதிர்வெண்ணுக்கு விலை வைத்த ஏற்பாட்டில் மாநிலம் ஓர் உறுப்பு. மின் நிலையம் ஓர் உறுப்பு. அவர்களிடம் அளவி உண்டு, வரவு செலவு உண்டு, தாமே முடிவெடுக்கும் உரிமை உண்டு. முத்தாண்டிக்குப்பத்துக்கு அவற்றுள் எதுவும் இல்லை. விலை ஏறும்போது மாநிலம் தன் நிலையத்தை ஓட்டலாம். ஓட்டாமல் ஊர்களின் மடையை அடைத்தும் தன் கணக்கை நேர்செய்யலாம். அடைத்து மிச்சப்படுத்தியதற்கு வரவும் பெறலாம். ஏற்பாட்டில் அதற்கு இடமிருந்தது. 1990 முதல் உழவர்களுக்கு மின்சாரம் கட்டணமில்லை. அதனால் பெரும்பாலான பம்புசெட்டுகளில் அளவியும் இல்லை. கட்டணம் இல்லாததை நன்மை என்றே நானும் கொள்கிறேன். ஆயினும் அளவி இல்லாதவன் அந்த வட்டத்தில் கேட்கவும் இயலாது, கேட்கப்படவும் இயலாது. அதிர்வெண் குறித்த எல்லைக்குக் கீழே இறங்கினால் தானே வெட்டும் கருவி, வெட்டும் முன் எந்தத் தெருவையும் கேட்பதில்லை. தொகுப்பு முழுதும் வீழாதிருக்க அது தேவை என்பதை நான் மறுக்கவில்லை. நாடு முழுவதற்குமான உடன்பாட்டின் விலையை நம் தெரு செலுத்தியது. உடன்பட்டதாக அதை எவரும் கேட்டதில்லை என்பதே என் குறை.

2014-இல் விலை ஏற்பாடு பெயரும் உருவும் மாறியது. 2022-இன் விதிகள் விலையைப் பெரிதும் மின்சந்தையோடு கட்டின. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 58 ஆண்டு உழைத்து 2020-இல் ஓய்வு பெற்றது. அதன் எந்திரம் ஒன்றைக் கடைசியாக விடுவித்தபோது அதிர்வெண் மானியின் கண்ணுக்குத் தெரியும் இலக்கம் எதுவும் அசைந்திராது. வட்டம் அவ்வளவு பெரிதாகிவிட்டது.

இப்போது வட்டத்திற்குள் வேறு வகையினர் வருகின்றனர். நெய்வேலியிலேயே 130 மெகாவாட் சூரிய மின் நிலையம் உண்டு. அதில் சுழலும் எடை இல்லை. வெயிலின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டர் மட்டுமே. சாதாரண இன்வெர்ட்டர் பிறர் தாளத்தைக் கேட்டுப் பின்தொடரும். தானாகத் தாளம் பிடிக்காது. எல்லோரும் பின்தொடர்பவராகிவிட்டால் முன்தொடங்குபவர் யார்? இதற்கு வழி காட்டிய முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று 1993-இல் வெளியானது. பின்னர் மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரான முகுல் சந்தோர்க்கர் தம் இணையாசிரியர்களோடு எழுதியது அது. சுழலும் எந்திரத்தின் கவர்னரில் உள்ள அதே தொய்வை இன்வெர்ட்டருக்குள் நிரலாக எழுதிவிட்டால், பல இன்வெர்ட்டர்கள் தமக்குள் ஒரு கம்பிச் செய்தியும் பரிமாறாமலே சுமையைப் பகிர்ந்துகொள்ளும் என்று காட்டினர். விட்டுக்கொடுத்த சிறு குறையை நிரப்பும் வேலைக்கு, அண்டை இன்வெர்ட்டர்கள் தமக்குள் பேசிக்கொண்டு ஐம்பதுக்கு மீளும் முறைகளை இன்று பல ஆய்வகங்கள் சோதிக்கின்றன.

எங்கள் தெருவில் ஒருவர் மாடியில் சூரியத் தகடு பொருத்தியிருக்கிறார். படிக்கட்டின் கீழே மாட்டிய இன்வெர்ட்டர் பெட்டி, தொகுப்போடு இணைந்திருக்கத் தக்க நிலை உள்ளதா என்று ஒவ்வொரு கணமும் அதிர்வெண்ணைக் கவனித்தபடி இருக்கிறது. அது தன் சிறு திரையில் அந்த எண்ணைக் காட்டவும் செய்கிறது. முத்தாண்டிக்குப்பத்தில் நானறிய அந்த எண்ணைப் பார்க்கக் கிடைத்த முதல் இடம் அதுதான். பணி ஓய்வு பெற்றுப் பார்வையும் மங்கிவிட்ட பெரியவரை ஒரு மாலை கைப்பிடித்து அழைத்துச் சென்று காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையருகே குனிந்தார். 50.01 என்றிருந்தது 49.97 ஆயிற்று, 49.94 ஆயிற்று.

"எங்கேயோ லோடு ஏறுது தம்பி" என்றார்.